ஆங்கிலக் கடிதங்களிற் சொல்வழு

திருக்குறளிற் சொல்வன்மை என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் இனியவை கூறலை அடுத்து வைக்கப்படவில்லை. பொருட்பாலிலே அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. சொல்லை அறிந்து ஆளுதல் ஒருவனுக்கு அணியாகும் பண்பு மாத்திரமன்று. தொழில் புரிவோனுக்கு இன்றியமையாத தகுதியும் ஆகும் என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். பின்னர் வரும் தூது என்னும் அதிகாரத்துக்கு உரை கண்டோர், தூதரைத் தாமே வகுத்துக் கூறுவார் என்றும் கூறியது கூறுவார் என்றும் இருவகைப்படுத்துவர். முன்னவர் கேட்போரின் குறிப்பறிந்து, வேண்டுமிடத்து விளக்கியும் விரித்தும் உரைக்க வல்லவர். பின்னவர் தமக்குச் சொல்லப்பட்டதை மாத்திரம் ஒப்புவிப்பவர்.

அலுவற் கடிதம் இவ்விரண்டாம் வகைத் தூதனை ஒத்தது. நேரிற் பேசுவோன் ஒரு சொல்லைத் தவறாக ஆண்டால், கேட்போனின் முகத்திலே தோன்றும் ஐயத்தைக் கண்டு அக்கணமே திருத்திக்கொள்ளலாம். கடிதத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. அது சென்றடையும் இடத்தில் எழுதியவன் இல்லை; எழுதப்பட்ட சொல் மாத்திரமே உண்டு. எழுதியவன் மனத்தில் இருந்தது எதுவாயினும், அச்சொல் குறிக்கும் பொருளே அவனது கருத்தாகக் கொள்ளப்படும். மின்னஞ்சல் வந்த பின்னர் கடிதம் செல்லும் வேகம் பெருகியதேயன்றி இந்நிலை மாறவில்லை.

இலங்கையில் 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தோடு ஆங்கிலம் ஆட்சிமொழி என்னும் நிலையை இழந்தது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. எனினும் வங்கி, வணிகம், மருத்துவம், பொறியியல், கப்பற்றொழில், வெளிநாட்டுத் தொடர்பு ஆகிய துறைகளில் ஆங்கிலக் கடிதம் எழுதாது காலங் கழித்தல் இன்றும் அரிது. கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவன் எழுதும் முதல் விண்ணப்பமே பெரும்பாலும் அம்மொழியில் அமைகின்றது. ஆகவே, அம்மொழிச் சொற்களை ஆளும்போது நேரும் வழுக்கள் எவை, அவை ஏன் நேர்கின்றன, அவற்றைக் களையும் வழி யாது என ஆராய்தல் பயனுடைத்து.

எழுத்துப்பிழையும் சொல்வழுவும்

எழுத்துப்பிழை வேறு, சொல்வழு வேறு. ஒரு சொல்லின் எழுத்துக்கள் முறை மாறி விழுந்தாற் படிப்போன் அதனைப் பிழையென்று உடனே கண்டு, சரியான சொல்லைத் தானே உய்த்துணர்வான். அது கவனக்குறைவைக் காட்டுமேயன்றிப் பொருளை மாற்றுவது குறைவு. சொல்வழு அத்தகையதன்று. அங்கே எழுதப்பட்ட சொல் அகராதியில் உள்ள சொல். அதன் எழுத்துக்கள் யாவும் சரியானவை. ஆனால் எழுத எண்ணிய சொல் அதுவன்று. ஆதலின் படிப்போன் அதனைப் பிழையென்று ஐயுறான். கணினியிலுள்ள எழுத்துத் திருத்தியும் பல வேளைகளில் அதனைத் தடையின்றிச் செல்லவிடும். பிழையென்று தோன்றாத பிழையே பிழைகளுள் மிகக் கொடியது என்பது இதனாலேயாம்.

ஒலியொத்த சொற்கள்

தமிழ் கற்கும் சிறுவர்க்கு லகர, ளகர, ழகர வேறுபாடு முதன்மையாகக் கற்பிக்கப்படும். வலி, வளி, வழி என்னும் மூன்றும் ஒலியால் நெருங்கியும் பொருளால் விலகியும் நிற்பன. மயங்கொலிச் சொற்கள் எனப்படும் இத்தகையன ஆங்கிலத்திலே மிகப் பல. அதற்குக் காரணம் அம்மொழியின் வரலாற்றில் உள்ளது. வில்லியம் கக்ஸ்ரன் 1476 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவிய காலந்தொட்டு ஆங்கில எழுத்துமுறை சிறிது சிறிதாக உறுதிப்படத் தொடங்கியது. உச்சரிப்போ அதன் பின்னரும் பெரிதும் மாறிச் சென்றது. இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த சொற்கள் பலவும் காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒன்றையொன்று ஒத்தன. எழுத்தில் வேறாகவும் செவியில் ஒன்றாகவும் உள்ள சொற்கள் இவ்வாறு பெருகின.

கல்லூரி அதிபரைக் குறிக்கும் ‘பிரின்சிப்பல்’ என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதன் இறுதி எழுத்துக்கள் ‘ஏ’, ‘எல்’ என்பன. தலைமையானது என்பது அதன் அடிப்படைப் பொருள். கடனில் வட்டி நீங்கலான முதலையும் அச்சொல் குறிக்கும். இறுதி ‘எல்’, ‘ஈ’ என அமையுமாயின் அது கொள்கை என்னும் பொருளுடைய வேறு சொல்லாகும். இவ்விரண்டையும் தமிழெழுத்தில் எழுதினால் வேறுபாடே புலப்படாது. ஆங்கிலத்திலோ அதிபர் பதவிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் ‘எல்’, ‘ஈ’ என முடித்தால், அவர் கொள்கைப் பதவிக்கு விண்ணப்பித்தவராவார்.

எழுதுபொருள்களைக் குறிக்கும் ‘ஸ்ரேஷனறி’ என்னும் சொல்லும் அத்தகையது. ஐரோப்பாவிலே ஊரூராகத் திரிந்து பொருள் விற்றோர் பலர் இருந்த காலத்தில், ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்து நூலும் தாளும் விற்றவர் நிலைக்கடைக்காரர் என்னும் கருத்திற் பெயர் பெற்றனர். அவர் விற்ற பொருளுக்கு அப்பெயரின் அடியாகப் பெயர் பிறந்தது. அதன் ஈற்றயலில் ‘ஈ’ எழுதப்படும். நகராது நிற்பது என்னும் பொருளுடைய சொல்லில் அவ்விடத்து ‘ஏ’ எழுதப்படும். தாளைக் குறிக்கும் ‘பேப்பர்’ என்னும் சொல்லின் இறுதியில் வரும் ‘ஈ’, ‘ஆர்’ என்பனவே எழுதுபொருளைக் குறிக்கும் சொல்லிலும் வருவதை நினைவிற் கொண்டால் மயக்கம் நீங்கும்.

‘கொம்ப்ளிமென்ற்’ என்னும் ஒலியுடைய இரு சொற்களுள் நடுவில் ‘ஐ’ உள்ளது பாராட்டு; ‘ஈ’ உள்ளது குறையை நிரப்பி முழுமையாக்குவது. ‘கவுன்சில்’ என்னும் ஒலியுடைய சொற்களுள் ‘சீ’, ‘ஐ’, ‘எல்’ என முடிவது நகரசபை போன்ற மன்றம். ‘எஸ்’, ‘ஈ’, ‘எல்’ என முடிவது ஆலோசனையும் நீதிமன்றில் வாதாடும் சட்டத்தரணியுமாம். சபைக்கு எழுதவேண்டிய கடிதம் சட்டத்தரணிக்கு எழுதியதாகத் தோன்றுதல் நகைப்புக்கு இடமாவதோடு, எழுதியவரின் கல்வி பற்றிய மதிப்பையும் குறைக்கும்.

நகைப்போடு நில்லாதனவும் உண்டு. ‘அஃபெக்ற்’ என்பது ஒன்றைத் தாக்கிப் பாதித்தல். ‘எஃபெக்ற்’ என்பது பெயராக வரும்போது விளைவு. வினையாக வரும்போது ஒன்றைச் செய்து முடித்தல். ஆகவே ‘எஃபெக்ற்’ என்னும் வினையோடு கொடுப்பனவைச் சேர்த்து எழுதினால், பணம் செலுத்தப்படும் என்பது பொருள். அவ்விடத்து ‘அஃபெக்ற்’ என எழுதினால், கொடுப்பனவு பாதிக்கப்படும் என்பது பொருள். பணம் வருமென்று உறுதி கூற எழுதிய கடிதம், பணம் தடைப்படுமென்று அறிவிக்கும் கடிதமாக மாறிவிடும். வேறுபாடு முதலெழுத்து ஒன்றிலேயே உள்ளது.

பெயரும் வினையும்

ஆலோசனை என்னும் பொருளுடைய ‘அட்வைஸ்’ பெயராக வரும்போது ‘சீ’ என்னும் எழுத்தையும், ஆலோசனை கூறு என வினையாக வரும்போது ‘எஸ்’ என்னும் எழுத்தையும் பெறும். இவ்விரண்டும் உச்சரிப்பிலும் வேறுபடும். பெயரின் இறுதி ஒலி வன்மையாகவும், வினையின் இறுதி ஒலி வண்டின் முரற்சி போன்றும் கேட்கும். பயிற்சி, உரிமப்பத்திரம் என்னும் பொருளுடைய சொற்களும் பிரித்தானிய வழக்கிற் பெயராயின் ‘சீ’, வினையாயின் ‘எஸ்’ எனவே எழுதப்படும். ஆனால் அவற்றில் ஒலி வேறுபாடு இல்லை. ஒலி வேறுபடும் சோடியை மனத்திற் கொண்டு, ஒலி வேறுபடாத சோடிகளைத் தெளிந்துகொள்ளுதல் எளிது. அமெரிக்க வழக்கிற் பயிற்சியைக் குறிக்கும் சொல் இருநிலையிலும் ‘சீ’ பெறும். உரிமத்தைக் குறிக்கும் சொல் இருநிலையிலும் ‘எஸ்’ பெறும். எவ்வழக்கைக் கொண்டாலும் ஒரு கடிதத்துள் அதனையே இறுதிவரை கொள்ளல் வேண்டும்.

உறுதி எழுதும் நொத்தாரிசுமார்க்கும் வங்கி அலுவலர்க்கும் பயன்படும் சொற்களில் ஈற்றெழுத்தின் வேறுபாடு மேலும் கூர்மையானது. ‘ஓ’, ‘ஆர்’ என முடிவன பெரும்பாலும் செய்பவனையும், இரண்டு ‘ஈ’ பெற்று முடிவன அச்செயலின் பயனைப் பெறுபவனையும் குறிக்கும். ‘லெஸ்ஸோர்’ குத்தகைக்குக் கொடுப்பவர். ‘லெஸ்ஸீ’ குத்தகைக்கு எடுப்பவர். ‘மோட்கேஜர்’, ‘மோட்கேஜீ’ என்னும் சோடியிலே பலர் இடறுவர். வங்கி கடன் கொடுப்பதால் அதுவே ‘மோட்கேஜர்’ எனத் தோன்றும். ஆனால் அச்சொல் கடனைப் பற்றியதன்று, ஈட்டைப் பற்றியது. வீட்டை ஈடு வைப்பவரே ‘மோட்கேஜர்’. அவ்வீட்டைப் பெறும் வங்கி ‘மோட்கேஜீ’. இது மாறினால் உறுதியில் இரு திறத்தாரின் உரிமையும் கடமையும் தலைகீழாகும்.

ஒரு சொல்லும் எதிரெதிர்ப் பொருளும்

தொல்காப்பியர் திரிசொல்லை ஒரு பொருள் குறித்த பல சொல் என்றும், பல பொருள் குறித்த ஒரு சொல் என்றும் இருவகைப்படுத்துவர். ஆங்கிலத்திற் பல பொருள் குறித்த சொற்களுட் சில, ஒன்றுக்கொன்று முரணான பொருள்களையும் தாங்கி நிற்பன. ‘சாங்ஷன்’ என்பது அனுமதியையும் குறிக்கும். தண்டனையாக விதிக்கப்படும் தடையையும் குறிக்கும். ‘ஓவர்சைற்’ என்பது மேற்பார்வையையும் குறிக்கும். மேற்பார்வை இன்மையால் நேர்ந்த தவறுதலையும் குறிக்கும். இவற்றைத் தனியே நிறுத்தாது, பொருள் ஐயமற விளங்கும் வாக்கியத்தில் அமைத்தல் வேண்டும். அன்றேல் வேறு சொல்லைத் தேடல் வேண்டும்.

‘ரேபிள்’ என்பது மேசையைக் குறிக்கும் எளிய சொல். அது வினையாகும்போது, பிரித்தானிய வழக்கில் ஒரு விடயத்தைச் சபையின் ஆராய்வுக்கு முன்வைத்தல் என்றும், அமெரிக்க வழக்கில் அதனை ஆராயாது ஒத்திவைத்தல் என்றும் பொருள்படும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைத்தலைவர்கள் அவசரமான ஓர் அறிக்கையை உடனே ஆராயவேண்டும் என்னும் கருத்தில் இச்சொல்லை ஆள, அமெரிக்கர் அதனை ஒத்திவைக்கும் முயற்சியென்று கருதி மறுத்தனர் என்றும், இரு சாராரும் ஒரே கருத்தினர் என்பது தெளியுமுன் நீண்ட வாதம் நிகழ்ந்தது என்றும் வின்ஸ்ரன் சேர்ச்சில் தமது போர் வரலாற்றிற் குறித்துள்ளார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடையே நிகழ்ந்தது இது.

எண்ணைக் குறிக்கும் சொல்லிலும் இத்தகைய மயக்கம் இருந்தது. அமெரிக்கரின் ‘பில்லியன்’ நூறு கோடி. பிரித்தானியரின் பழைய ‘பில்லியன்’ இலட்சம் கோடி. அதாவது அதனிலும் ஆயிரம் மடங்கு பெரியது. 1974 ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரசாங்கம் அமெரிக்க அளவையே தனது புள்ளிவிபரங்களுக்கும் ஏற்றுக்கொண்டது. பழைய அறிக்கைகளைப் படிப்போர் இவ்வாண்டை நினைவிற் கொள்ளல் வேண்டும். இலட்சம், கோடி என்னும் சொற்களும் தென்னாசியாவுக்கு அப்பாலுள்ளோர் பலர்க்கு விளங்கா. அவர்க்கு எழுதுங்காற் பூச்சியங்களோடு இலக்கத்தையே எழுதுதல் நன்று.

கால அளவைச் சொற்களில் ‘பைஆனுவல்’ என்பது ஆண்டுக்கு இருமுறை நிகழ்வது. ‘பையெனியல்’ என்பது ஈராண்டுக்கு ஒருமுறை நிகழ்வது. ‘பைமந்த்லி’ என்பதற்கோ அகராதிகளே மாதம் இருமுறை என்றும் இருமாதத்துக்கு ஒருமுறை என்றும் இரு பொருளும் கூறும். அகராதியே துணைசெய்யாத அவ்விடத்தில், இருமாதத்துக்கு ஒருமுறை என விரித்து எழுதுவதே வழி.

தாய்மொழியின் சாயல்

நன்னூலார் சொல்லிலக்கணத்தில் வழுவை எழுவகைப்படுத்தி, அவற்றுள் ஒன்றாக மரபு வழுவைக் கூறுவர். யானையை நடத்துபவனை இடையன் என்றும், ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்றும் கூறுதல் மரபு வழுவாம். இலக்கண விதியாற் பிழையென்று காட்ட இயலாதெனினும், அம்மொழியினர் அவ்வாறு கூறுவதில்லை என்பதே அதன் குற்றம். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் மரபு வழுவே மிகுதி. அதற்குத் தாய்மொழியின் சாயலே காரணம்.

தமிழில் ஒன்றைப் பற்றிக் கலந்துரையாடுதல் வழக்கு. அதனால் ‘டிஸ்கஸ்’ என்னும் வினையோடு பற்றி என்னும் பொருளுடைய ‘அபௌட்’ என்பதையும் பலர் சேர்ப்பர். அவ்வினையிலேயே அப்பொருள் அடங்கியிருத்தலின் அது வேண்டுவதில்லை. தமிழிற் கடன் என்னும் ஒரு பெயரே கொடுத்தலோடும் வாங்குதலோடும் இயையும். ஆங்கிலத்திற் கொடுத்தலுக்கு ‘லென்ட்’ என்றும், வாங்குதலுக்கு ‘பொறோ’ என்றும் வெவ்வேறு வினைகள் உண்டு. அவற்றை மாற்றி எழுதுவோன், கடன் கேட்கப் புகுந்து கடன் கொடுக்க முன்வந்தவனாவான். தகவல்கள், தளபாடங்கள், உபகரணங்கள், ஆலோசனைகள் எனத் தமிழ் பன்மை கொள்ளும். அவற்றுக்கு நேரான ஆங்கிலப் பெயர்கள் எண்ணப்படாப் பெயர்களாதலின் பன்மை விகுதி பெறுவதில்லை. ஊழியர் குழுவைக் குறிக்கும் ‘ஸ்ராஃப்’ என்பதும் குழுவின் பெயரே. ஓர் ஊழியரை அச்சொல்லால் தனியே குறித்தல் மரபன்று.

ஐயம் என்னும் சொல் இவற்றுள் நுணுக்கமானது. வகுப்பில் மாணவன் எழுந்து தனக்கோர் ஐயம் உண்டு என்றால், விளங்காத ஒன்றைக் கேட்கின்றான் என்பது தமிழில் தெளிவு. அதனை ‘டவுட்’ என மொழிபெயர்த்து, வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு அதன் கணக்குப் பற்றி எழுதினால், அக்கணக்கின் உண்மையிலே நம்பிக்கையில்லை என்று குற்றஞ் சாட்டியதாக முடியும். கேள்வி என்னும் பொருளுடைய ‘குவெஸ்ஷன்’ என்பதே அங்கு ஏற்றது. தென்னாசிய அலுவலகங்களிற் பதில் எழுதுக என்னும் பொருளில் வழங்கும் ‘றிவேற்’ என்னும் சொல்லுக்கு, ஏனைய நாட்டினர் பலர் முந்திய நிலைக்கு மீளுதல் என்றே பொருள் கொள்வர். படிப்பை முடித்து வெளியேறுதலைக் குறிக்க இங்கே ஆளப்படும் ‘பாஸ் அவுட்’ என்னும் தொடர், ஏனைய இடங்களில் மயங்கி விழுதலையே பெரும்பாலும் குறிக்கும்.

இவ்வழக்குகள் யாவும் இழிவானவை என்று கூறுதல் பொருந்தாது. ஒரு மொழி பல நாடுகளிற் பரவும்போது ஒவ்வொரு நாட்டிலும் தனி வழக்குப் பெறுதல் இயல்பு. இலங்கை ஆங்கிலத்துக்கென மைக்கேல் மெய்லர் தொகுத்த அகராதியொன்று 2007 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எழுதும் கடிதத்தில் இவை குற்றமாகா. இரு திறத்தாரும் ஒரே பொருள் கொள்வர். அதே கடிதம் கடல் கடக்கும்போதுதான் வினா எழுகின்றது. ஆகவே ஒரு சொல் சரியானதா என்று வினாவுவதோடு அமையாது, படிப்போன் அதற்கு எப்பொருள் கொள்வான் என்று வினாவுதலும் வேண்டும்.

சொல்வழுவின் விளைவு

சொல்வழு மதிப்பெண்ணைக் குறைக்கும் அளவினது என்று கருதுவோர், தொழில் உலகில் நிகழ்ந்தவற்றை நோக்குதல் தகும். எளிதிற் தீப்பற்றும் பொருளைக் குறிக்க ஆங்கிலத்திற் பழைமையாக வழங்கிய சொல் ‘இன்ஃபிளமபிள்’. அதன் முதலிலுள்ள ‘இன்’ இலத்தீன் மொழியில் தீ மூட்டுதலைக் குறிக்கும் வினையின் பகுதி, எதிர்மறை அன்று. ஆயினும் ஆங்கிலத்திற் பல சொற்களில் ‘இன்’ எதிர்மறையாக வருதலால், அப்பொருள் தீப்பற்றாதது என மயங்குவதற்கு இடமிருந்தது. 1920 களில் அமெரிக்க தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் ‘இன்’ நீக்கி ‘ஃபிளமபிள்’ என்றே எழுதுமாறு வலியுறுத்தியது. எண்ணெய்த் தாங்கிகளிலும் இரசாயனக் கலன்களிலும் இன்று அச்சொல்லே பெரிதும் காணப்படுகின்றது. மொழிநூலார் கண்ணிற் பழைய சொல்லே வரலாற்று முறையானது. எனினும் உயிரைக் காக்கும் பொருட்டு அது கைவிடப்பட்டது.

1990 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் நாள், கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் நகருக்குச் சென்ற அவியங்கா நிறுவனத்தின் 52 ஆம் இலக்க விமானம், காலநிலை நன்றாயில்லாமையால் ஒரு மணி நேரத்துக்கு மேலாக வானிற் காத்து நிறுத்தப்பட்டது. எரிபொருள் குறைவதைக் கண்ட விமானிகள் தமக்கு முன்னுரிமை வேண்டுமென்று ஆங்கிலத்தில் அறிவித்தனர். ஆனால் அபாயநிலை என்பதற்கென விதிக்கப்பட்ட ‘எமேர்ஜென்சி’ என்னும் சொல்லை அவர்கள் ஆளவில்லை. முன்னுரிமை என்னும் சொல்லைக் கேட்ட கட்டுப்பாட்டாளர், நிலைமை எத்துணைக் கொடியது என்பதை உணரவில்லை. எரிபொருள் முற்றாகத் தீர்ந்து விமானம் லோங் ஐலண்டில் வீழ்ந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். எரிபொருளை முறையாக நிருவகியாமையும், அபாயநிலையை உரியவாறு அறிவியாமையும் விபத்தின் காரணங்கள் என அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டது. எரிபொருட் குறைவின் நிலைகளை உணர்த்த இருசாராரும் ஒருபடித்தாக விளங்கிக்கொள்ளும் சொற்கள் இல்லாமையையும் துணைக்காரணங்களுள் ஒன்றாக அது சுட்டியது. விமானிகள் ஆண்ட சொல் இலக்கணப்படி பிழையன்று. அவ்விடத்துக்கு உரிய சொல் அதுவன்று என்பதே குறை.

எழுத்தொன்றால் விளைந்த கேட்டுக்கும் சான்று உண்டு. 2009 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் ‘ரெயிலர் அன்ட் சன்’ என்னும் நிறுவனத்தைக் கலைக்குமாறு நீதிமன்றம் பிறப்பித்த கட்டளை, கம்பனிப் பதிவகத்தில் ‘ரெயிலர் அன்ட் சன்ஸ்’ என்னும் வேறொரு நிறுவனத்தின் பெயரிற் பதியப்பட்டது. இறுதியிலுள்ள ‘எஸ்’ ஒன்றே இரு பெயர்க்கும் வேறுபாடு. கார்டிஃப் நகரிலே பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டு நடைபெற்று, 250 க்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்டிருந்த அந்நிறுவனம் முறிந்துவிட்டதென்று கருதிய வணிகர்கள் கடனுதவியை நிறுத்தினர். பதிவு திருத்தப்பட்டும் பயன் விளையவில்லை. இரண்டு மாதத்துள் நிறுவனம் வீழ்ந்தது. 2015 ஆம் ஆண்டில் மேல் நீதிமன்றம் பதிவகத்தையே பொறுப்பாளியாகக் கண்டது. ஓர் எழுதுவினைஞரின் மேசையிலே சில கணங்களுள் நிகழ்ந்திருக்கக் கூடிய தவறு, தலைமுறைகள் வளர்த்த தொழிலை அழித்தது.

வழுக்களையும் நெறி

அரசாங்க அலுவலர் எழுதும் ஆங்கிலத்தைச் சீர்படுத்தும் நோக்குடன் பிரித்தானியத் திறைசேரி கேட்டுக்கொண்டதற்கிணங்க, சேர் ஏர்னஸ்ற் கவர்ஸ் 1948 ஆம் ஆண்டில் ‘பிளெயின் வேட்ஸ்’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். பின்னர் விரித்துத் தொகுக்கப்பட்டு 1954 ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் இன்றும் பயிலப்படுகின்றது. நீண்ட சொல்லினும் குறுகிய சொல்லும், அரிய சொல்லினும் பழகிய சொல்லும் அலுவற் கடிதத்துக்குச் சிறந்தன என்பது அந்நூலின் உட்கோள். சொல்வழுவுக்குப் பெருங்காரணம் அறியாமை மாத்திரமன்று. அறிந்தவன் எனத் தோன்றவேண்டும் என்னும் ஆசையுமாம். எளிய சொல் இருக்க அரிய சொல்லை நாடுபவனே பெரும்பாலும் தவறான சொல்லை எடுப்பான்.

நடைமுறையிற் கைக்கொள்ளத்தக்கன சில உள. முதலாவது, அகராதியைத் தெரியாத சொல்லுக்கு மாத்திரமன்றித் தெரிந்ததாக எண்ணும் சொல்லுக்கும் பார்த்தல். தெரியாத சொல்லைத் தேடாது ஒருவரும் எழுதார். வழு நேர்வது தெரிந்ததென்று கருதிய சொல்லிலேயே. இரண்டாவது, ஒவ்வொருவரும் தமக்கு மயக்கந் தரும் சொற்களைக் குறிப்பேட்டில் வாக்கியத்தோடு எழுதிவைத்தல். தனிச்சொல்லாகக் கற்பதினும் வாக்கியமாகக் கற்பது நினைவில் நிற்கும். மூன்றாவது, இருபொருள்படும் சொல்லை விலக்கி, நாளையும் தொகையையும் பெயரையும் முழுமையாக எழுதுதல். நான்காவது, எழுதி முடித்த கடிதத்தைச் சிறிது நேரம் விடுத்து, எழுதியவனாக அன்றிப் பெறுபவனாக இருந்து படித்தல். முக்கியமான கடிதமாயின் வேறொருவரையும் படிக்கச் செய்தல்.

ஐந்தாவது, ஒரு தொழிலுக்குள் ஒரு பொருளுக்கு ஒரு சொல்லையே வரையறுத்தல். 1977 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் தெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் இரு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். மேலெழுதலைக் குறிக்கும் ‘ரேக் ஓஃப்’ என்னும் சொல் அங்கே தெளிவின்றி ஆளப்பட்டமையும் காரணங்களுள் ஒன்று. அதன் பின்னர் அச்சொல்லை மேலெழுவதற்கு அனுமதி வழங்கும்போதும் அவ்வனுமதியை நீக்கும்போதும் மாத்திரமே ஆளவேண்டும் என விதிக்கப்பட்டது. ஏனைய இடங்களிற் புறப்பாடு எனப் பொருள்படும் வேறு சொல் ஆளப்படுகின்றது. சொல்வளம் நிறைந்த மொழியிலும் சில இடங்களிற் சொற்சிக்கனமே காவலாகும் என்பதற்கு இது சான்று.

கல்லூரிகளில் ஆங்கிலக் கட்டுரைக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் ஒரு சிறு பகுதியேனும் கடிதத்துக்கு ஒதுக்கப்படுமாயின் நற்பயன் விளையும். ஒரு மாணவன் எழுதிய கடிதத்தை ஆசிரியர் திருத்துமுன், வேறொரு மாணவனிடம் கொடுத்து, அதனால் அவன் விளங்கிக்கொண்டது யாது என்று எழுதச் செய்யலாம். எழுதியவன் கருதியதும் படித்தவன் கொண்டதும் வேறுபடும் இடத்தை அவ்விருவரும் தாமே காண்பர். செங்கோடு இட்ட நூறு திருத்தங்களினும் அக்காட்சி நெடுங்காலம் நினைவில் நிற்கும்.

கூறியது கூறும் தூதனுக்குத் தன் மதியாற் பிழை திருத்தும் அதிகாரம் இல்லை. அவன் வாயிலே வைக்கப்படும் சொல்லைப் பற்றிய பொறுப்பு முழுவதும் அனுப்புவோனுடையது. கடிதம் கையை விட்டு நீங்கும் வரையுமே அதனைத் திருத்தும் உரிமை எழுதியவனுக்கு உண்டு; நீங்கிய பின்னர் அது படிப்போனுக்கு உரியது. ஆதலின் கையொப்பம் இடுமுன் செலவிடும் சில நிமிடங்களே அத்தூதனுக்கு அளிக்கக்கூடிய கட்டுச்சோறாம்.